தொப்பூர் இறக்கம் கற்பிக்கும் பாடம்

பெங்களூரிலிருந்து சேலத்துக்குச் சாலை வழியே வந்திருக்கிறீர்களா? தருமபுரியைத் தாண்டிப் பாளையம் சுங்கச்சாவடியைக் கடந்ததும் சாலையின் போக்கு மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். அதுவரை மேட்டுநிலத்தில் நீண்டு கிடந்த சாலை, இரு பக்கமும் குன்றுகள் நெருங்கி வர, வளைந்து வளைந்து கீழே இறங்கத் தொடங்கும். அதுதான் தொப்பூர்க் கணவாய். காசுமீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வழியேதான் செல்கிறது. வடக்கேயிருந்து வரும் சரக்கு லாரிகள் இரவும் பகலும் இந்த இறக்கத்தில் இறங்கிக்கொண்டே இருக்கின்றன.

இந்தச் சில கிலோமீட்டர் தூரம் பல குடும்பங்களின் கண்ணீருக்குக் காரணமாக இருந்திருக்கிறது. 2020 டிசம்பர் 12 அன்று இங்கே கட்டுப்பாட்டை இழந்த ஒரு லாரி, முன்னால் நின்ற பத்துக்கும் மேற்பட்ட வாகனங்களின்மீது மோதியதில் உயிர்கள் பலியாயின. 2024 ஜனவரி 24 அன்று லாரிகளும் கார்களும் ஒன்றன்மீது ஒன்று மோதித் தீப்பற்றியதில் நால்வர் மாண்டனர். இவை நாடறிந்த இரண்டு நிகழ்ச்சிகள் மட்டுமே. செய்தித்தாளின் ஒரு மூலையில் இரண்டு வரியாக வந்து மறைந்தவை இன்னும் பல.

விபத்துகளைக் குறைக்க, சாலையின் அமைப்பை மாற்றி உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டத்தைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் வகுத்துள்ளது. அது தேவைதான். ஆனால் சாலை ஒரு பாதி என்றால், அதில் இறங்கும் வண்டியும் அதை ஓட்டும் மனிதரும் மறுபாதி. கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் லாரி அடியோடு மாறிவிட்டது. அதை ஓட்டுகிறவரும் பழுதுபார்க்கிறவரும் அதே வேகத்தில் மாற வழி செய்யப்பட்டதா? ஒரு தொழிலில் புதிய கருவி நுழையும்போது, அதில் உழைக்கும் மக்களை எப்படி அதற்குத் தயார் செய்வது? இந்தக் கேள்வியைத் தொப்பூர் இறக்கத்தில் நின்றுகொண்டு ஆராய்வோம்.

இறக்கத்தில் பிறக்கும் வெப்பம்

முதலில் சிறிது இயற்பியல். சுமையுடன் சேர்த்து 28 டன் எடையுள்ள ஒரு பத்துச் சக்கர லாரியை எடுத்துக்கொள்வோம். அது 100 மீட்டர் உயரம் கீழே இறங்குகிறது. அப்போது அது இழக்கும் நிலையாற்றல் எவ்வளவு? நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் கிடைத்துவிடும். 28,000 × 9.8 × 100 = ஏறத்தாழ 2 கோடியே 74 லட்சம் ஜூல். அறை வெப்பநிலையில் உள்ள 90 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த ஆற்றல் போதும்.

ஆற்றல் அழிவதில்லை என்பது நீங்கள் பள்ளியில் படித்த விதி. லாரியின் வேகம் கூடாமல் ஒரே சீராக இறங்க வேண்டுமானால், இந்த ஆற்றல் முழுவதும் வேறு எங்காவது சென்றாக வேண்டும். ஓட்டுநர் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் ஏறக்குறைய முழுவதும் பிரேக் டிரம்களில்தான் வெப்பமாகச் சேரும். பத்துச் சக்கர லாரிக்கு மூன்று அச்சுகள். ஆக, ஆறு டிரம்கள். ஒவ்வொன்றும் 50 கிலோ இரும்பு எனக் கொள்வோம். ஆறுக்கும் 300 கிலோ. ஒரு கிலோ இரும்பை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 460 ஜூல் தேவை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: டிரம்களின் வெப்பநிலை சுமார் 200 டிகிரி உயரும்! காற்று பட்டு ஓரளவு வெப்பம் வெளியேறும் என்பது உண்மை. ஆனால் ஒருசில நிமிடங்களில் முடிந்துவிடும் இறக்கத்தில் அதற்கு நேரம் குறைவு.

டிரம் இப்படிச் சூடானால் என்ன நேரும்? இரண்டு தீங்குகள் நேரும். பிரேக் லைனிங் என்னும் உராய்வுப் பட்டை, ஓர் எல்லைக்கு மேல் சூடானால் தன் பிடிப்பை இழக்கத் தொடங்கும். பட்டையின் வகையைப் பொறுத்து இந்த எல்லை மாறும். ஏறக்குறைய 300 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். அதே வேளையில், சூடான டிரம் விரிவடையும். 410 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்பு டிரம் 300 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர் கூடிவிடும். உள்ளேயிருந்து அழுத்தும் பிரேக் ஷூவை விட்டு டிரம் விலகிச் செல்கிறது என்று பொருள். ஓட்டுநர் மிதிக்கிறார், மிதி இறங்குகிறது, வண்டி நிற்பதில்லை. “பிரேக் பிடிக்கவில்லை” என்று விபத்துக்குப் பின் ஓட்டுநர் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது பிரேக்கில் தொடங்கிய கோளாறு அன்று. இறக்கத்தின் தொடக்கத்தில், கியரைத் தேர்ந்தெடுத்தபோதே தொடங்கிவிட்ட கோளாறு.

வேகம் இதில் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். சாலை 100 மீட்டர் நீளத்துக்கு 3 மீட்டர் வீதம் தாழ்கிறது எனக் கொண்டால், 100 மீட்டர் உயரம் இறங்க ஏறத்தாழ 3.3 கிலோமீட்டர் ஓட வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இதற்கு 400 விநாடி ஆகும். அப்போது ஒவ்வொரு விநாடியும் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல், ஏறத்தாழ 92 குதிரைத்திறனுக்குச் சமம். வேகத்தை இரு மடங்காக்கினால் இதுவும் இரு மடங்காகும். அதோடு, வண்டியின் இயக்க ஆற்றலோ நான்கு மடங்காகிவிடும். மெதுவாக இறங்கு என்னும் எச்சரிக்கைப் பலகைக்குப் பின்னால் இவ்வளவு கணக்கு இருக்கிறது.

எஞ்சின் என்னும் இன்னொரு பிரேக்

நல்ல வேளையாக, லாரியில் சூடேறிக் கைவிடாத இன்னொரு பிரேக் உண்டு. அது எஞ்சின்தான். தாழ்ந்த கியரில் வண்டி இறங்கும்போது சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றுகின்றன. உருளைகளுக்குள் காற்றை இழுப்பதற்கும் தள்ளுவதற்கும், உராய்வை வெல்வதற்கும் ஆற்றல் செலவாகிறது. புகைபோக்கும் குழாயை ஒரு கதவு கொண்டு அடைத்து இந்தத் தடையை மேலும் கூட்டும் அமைப்புக்கு எக்ஸாஸ்ட் பிரேக் என்று பெயர். இவ்வாறு செலவாகும் வெப்பம் புகையோடும் ரேடியேட்டர் வழியேயும் வெளியே போய்விடுகிறது. பிரேக் டிரம் குளிர்ச்சியாகவே இருக்கிறது. உண்மையில் தேவைப்படும் நொடிக்கு அது காத்திருக்கிறது.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு இருக்க வேண்டும். கியரை நியூட்ரலில் போட்டுவிட்டால் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. எஞ்சின் பிரேக்கும் இல்லை, எக்ஸாஸ்ட் பிரேக்கும் இல்லை. 28 டன்னும் அந்த ஆறு டிரம்களின் தலையில் விழுகிறது. எஞ்சினையே நிறுத்திவிட்டாலோ கேட்கவே வேண்டாம். பிரேக்குக்குக் காற்றழுத்தம் தரும் கம்ப்ரெஸரும், ஸ்டியரிங்கை இலகுவாக்கும் பம்பும் உடனே நின்றுவிடும். மிதிக்க மிதிக்கத் தொட்டியிலுள்ள காற்று குறையுமே தவிர நிரம்பாது.

இவ்வளவு ஆபத்தான செயலை, பல்லாண்டு அனுபவமுள்ள ஓட்டுநர்கள் ஏன் செய்கிறார்கள்? தொப்பூரில் நியூட்ரலில் இறங்குவதைக் காவல் துறையினரும் போக்குவரத்துத் துறையினரும் பலமுறை கண்டித்தும் பழக்கம் ஏன் மறையவில்லை? டீசல் மிச்சமாகும் என்னும் நம்பிக்கையே காரணம்.

இந்த நம்பிக்கையைச் சற்று உரசிப் பார்ப்போம். இன்றைய லாரியில் எஞ்சினுக்கு எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை ஒரு சிறு கணிப்பொறி தீர்மானிக்கிறது. கியரில் இருக்கும் வண்டி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுக்கப்பட்ட நிலையில் இறக்கத்தில் ஓடினால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுவதை அந்தக் கணிப்பொறி உணர்ந்து டீசலை அறவே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் தானாகச் சுழல வேண்டியிருப்பதால் கொஞ்சம் டீசல் செலவாகிக்கொண்டே இருக்கும். ஆக, பிரேக் பிடித்தபடி இறங்க வேண்டிய சரிவில் நியூட்ரலால் மிச்சம் இல்லை, செலவுதான். லைனிங் தேய்வதையும் சேர்த்தால் நட்டம் இன்னும் கூடும். உயிரைப் பணயம் வைத்துப் பெறும் ஆதாயம் உண்மையில் ஆதாயமே இல்லை!

இன்னொரு பழைய விதியையும் பாருங்கள். ‘எந்தக் கியரில் ஏறுகிறாயோ அந்தக் கியரிலேயே இறங்கு’ என்பது லாரி ஓட்டுநர்களிடையே வழிவழியாக வந்த நல்ல பாடம். பழைய, திறன் குறைந்த எஞ்சின்களுக்கு அது பொருந்தியது. இன்றைய எஞ்சின்கள் ஆற்றல் மிக்கவை; உயர்ந்த கியரிலேயே மேட்டில் ஏறிவிடும். அவற்றின் உள்ளுறுப்புகளில் உராய்வும் குறைவு. ஆகவே ஏறிய கியரில் இறங்கினால் போதிய தடை கிடைக்காமல் போகலாம். அதைவிடத் தாழ்ந்த கியர் தேவைப்படலாம். வண்டி மாறியதால், நேற்றுவரை சரியாக இருந்த அறிவு இன்று அரைகுறையாகிவிட்டது. ஓட்டுநர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவருக்கு யாரும் இதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

லாரி மாறிய கதை

இந்த மாற்றம் எப்படி வந்தது? காற்று மாசைக் குறைப்பதற்காக வகுக்கப்பட்ட பாரத் நிலை விதிகள் ஒரு பெரிய காரணம். 2017 ஏப்ரல் முதல் நாள் நாடு முழுவதும் நான்காம் நிலை நடைமுறைக்கு வந்தது. ஐந்தாம் நிலையைத் தாண்டி, 2020 ஏப்ரல் முதல் நாள் நேராக ஆறாம் நிலை வந்தது. டீசலில் இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட கந்தகம் பத்து லட்சத்துக்கு 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. புகையில் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் கரித்துகளும் பெருமளவு குறைய வேண்டியதாயிற்று. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும் கனரக வாகனங்களில் கட்டாயமாயிற்று.

விளைவு என்ன? லாரியில் ஒரு சிறு வேதியியல் ஆலையே ஏறிக்கொண்டது. டீசல் தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு தொட்டி. அதில் 32.5 சதவீத யூரியாக் கரைசல். அது சூடான புகையில் தெளிக்கப்படும்போது அம்மோனியாவாக மாறுகிறது. அம்மோனியா, நைட்ரஜன் ஆக்ஸைடுகளுடன் வினைபுரிந்து அவற்றைத் தீங்கற்ற நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. இந்தக் கரைசல் தீர்ந்துபோனால் எஞ்சினின் இழுவையைக் கணிப்பொறி குறைத்துவிடும். வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கலக்கி ஊற்றிவிடலாம் என்று எண்ணினால், அதிலுள்ள மாசுப் பொருள்கள் விலையுயர்ந்த வினையூக்கியைப் பாழாக்கிவிடும். கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்றும் உண்டு. அது அவ்வப்போது உயர்ந்த வெப்பநிலையில் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அந்நேரத்தில் காய்ந்த வைக்கோல் கிடக்கும் களத்தருகே வண்டியை நிறுத்தக் கூடாது. முகப்புப் பலகையில் எரியும் ஒரு சிறு விளக்கு இதைச் சொல்கிறது. ஆனால் விளக்கின் மொழி தெரிந்தால்தானே பயன்?

ஏ.பி.எஸ். பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. அது பிரேக்கைப் பலமாக்கும் என்று பலர் கருதுகின்றனர். சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்குவதைத்தான் அது தடுக்கிறது. சூடேறிய டிரம்முக்கு அது மருந்தன்று. புதிய கருவியைப் பற்றிப் பயிற்சி தரும்போது அது செய்யும் காரியத்தை மட்டும் சொன்னால் போதாது. அது செய்யாத காரியத்தையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கருவி பாதுகாப்பைத் தருவதற்குப் பதிலாக அசட்டுத் துணிச்சலைத் தந்துவிடும்.

பட்டறையில் ஒரு பழைய திறமை

ஓட்டுநரை விட்டுப் பட்டறைக்கு வருவோம். நாமக்கல், சங்ககிரி, சேலம் வட்டாரங்கள் லாரித் தொழிலுக்குப் பேர்போனவை. அங்கெல்லாம் எஞ்சின் ஓடும் ஓசையைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடும் மெக்கானிக்குகள் உண்டு. எந்த உருளை சரியாக எரியவில்லை என்று அறிய அவர்கள் கையாண்ட முறை எளியது. எஞ்சினை ஓடவிட்டு, டீசல் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்துவார்கள். எந்த நட்டைத் தளர்த்தும்போது எஞ்சின் ஓசை மாறவில்லையோ, அந்த உருளையில்தான் கோளாறு. அறிவுக்கூர்மை மிக்க சோதனை இது. ஓர் ஆய்வுக்கூட முறையே எனலாம்.

இன்றைய எஞ்சினில் அதே சோதனையைச் செய்தால்? பொதுக்குழாய் முறை எனப்படும் புதிய அமைப்பில் டீசலின் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தைப்போல் 1,600 மடங்குக்கும் மேல் செல்லக்கூடும். தளர்ந்த நட்டின் இடுக்கிலிருந்து பீறிடும் மெல்லிய டீசல் தாரை தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்துவிடும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரிடலாம். முப்பது ஆண்டுகளாகக் கைகொடுத்த திறமை ஒரே நாளில் கையைப் பறிக்கும் ஆபத்தாக மாறிவிடுகிறது.

புதிதாகக் கற்பது கடினம் என்கிறோம். கற்றதை மறப்பது அதைவிடக் கடினம். ஒன்றும் தெரியாதவருக்கு ஸ்கேனர் கருவியைக் கொடுத்தால் அவர் அதை நம்புவார். எல்லாம் தெரிந்தவர் முதலில் தம் காதை நம்புவார். கைவிரல் தானாகவே ஸ்பானரைத் தேடிப் போகும். ஆகவே அனுபவசாலிக்கான பயிற்சி, புதியவருக்கான பயிற்சியின் சுருக்கமாக இருக்கக் கூடாது. எந்தப் பழைய பழக்கம் இனி ஆபத்து, எது இன்றும் செல்லும் என்று பிரித்துக் காட்டுவதே அதன் முதல் வேலை. அந்த மெக்கானிக்கின் காது வீணாகிவிடவில்லை. ஸ்கேனர், கோளாறின் எண்ணைத்தான் காட்டும். அந்த எண்ணுக்குக் காரணம் உணர்கருவியா, கம்பியா, உண்மையிலேயே தேய்ந்துபோன உறுப்பா என்று முடிவு செய்ய, எஞ்சினை அறிந்த மனம் வேண்டும்.

காலியான இருக்கை

முன்பெல்லாம் தொலைதூர லாரியில் ஓட்டுநருடன் ஒரு கிளீனர் இருப்பார். வண்டியைக் கழுவுவது, சக்கரத்துக்குக் கட்டை போடுவது, டயர் மாற்றுவது, பின்னால் பார்த்துக் குரல் கொடுப்பது அவர் வேலை. ஆனால் அந்த இருக்கை உண்மையில் ஒரு பள்ளிக்கூடம். நான்கைந்து ஆண்டுகள் அங்கே உட்கார்ந்து, எந்த மேட்டில் எந்தக் கியர், எந்த வளைவில் எப்போது கால் எடுப்பது என்பதையெல்லாம் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்ட பிறகே அவர் கைக்கு ஸ்டியரிங் வரும். சான்றிதழ் இல்லை, ஆனால் பாடம் இருந்தது. ‘அண்ணே’ என்று அழைத்த ஆசிரியரிடம் அடியும் திட்டும் வாங்கிக் கற்ற பாடம்.

வாடகை கட்டுப்படியாகாத நிலையில் இன்று பல வண்டிகள் ஒற்றை ஓட்டுநருடன் ஓடுகின்றன. இளைஞர்களும் இந்த வேலைக்கு வரத் தயங்குகின்றனர். இருக்கை காலியாகிவிட்டது, அதனுடன் பள்ளிக்கூடமும் மூடப்பட்டுவிட்டது. செலவைக் குறைத்த முதலாளியின் கணக்குப் புத்தகத்தில், மூடப்பட்ட அந்தப் பள்ளிக்கு ஒரு வரிகூட இல்லை. தொழில்கள் மாறும்போது இப்படித்தான் நேர்கிறது. ஒரு பணியிடத்தை நீக்கும்போது, அங்கே ஓசையில்லாமல் நடந்துகொண்டிருந்த கற்பித்தலும் சேர்ந்து நீங்கிவிடுகிறது. அதற்கு ஈடாக வேறு பயிற்சியைத் திட்டமிட்டு ஏற்படுத்தாவிட்டால், விலையைச் சாலையில் கொடுக்க வேண்டிவரும்.

பக்கத்திலேயே ஒரு பாடம்

இதே தொப்பூரில் ஒரு ரயில் நிலையமும் உண்டு. சேலத்திலிருந்து ஓமலூர், தருமபுரி வழியாகப் பெங்களூர் செல்லும் பாதை, தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையே இதே குன்றுகளைக் குடைந்துதான் ஏறுகிறது. ரயில் எஞ்சின் ஓட்டுநரிடம் எவ்வளவு அனுபவம் இருந்தாலும், ஒரு புதிய பாதையில் உடனே தனியாக ஓட்ட அனுப்பமாட்டார்கள். அந்தப் பாதையை அறிந்தவருடன் பலமுறை சென்று, ஏற்ற இறக்கங்கள், வளைவுகள், சைகைக் கம்பங்கள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டதாகக் கையொப்பமிட்ட பிறகே அவரிடம் வண்டியை ஒப்படைப்பார்கள். புறப்படும் முன் பிரேக் சோதனையும் கட்டாயம்.

சாலையிலோ, இந்த இறக்கத்தை வாழ்நாளில் பார்த்தேயிராத ஒருவர், பல நூறு கிலோமீட்டர் ஓட்டிய களைப்புடன், பின்னிரவில், 28 டன்னுடன் இறங்கலாம். ஒரே குன்று, இரண்டு பாதைகள், ஒன்றில் பயிற்சி தொழிலின் ஓர் அங்கம், மற்றொன்றில் அது தனிமனிதரின் தலையெழுத்து.

பெரிய தொழில்நுட்ப மாற்றத்தையும் ரயில்வே சந்தித்திருக்கிறது. நீராவி எஞ்சின்கள் படிப்படியாக நீக்கப்பட்டு, அகலப்பாதையில் 1995 இறுதியோடு அவற்றின் வழக்கமான ஓட்டம் முடிவுக்கு வந்தது. கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன்கள் பலர் பயிற்சி பெற்று டீசல் எஞ்சின்களில் உதவியாளர்கள் ஆனார்கள். திருச்சி பொன்மலைப் பணிமனை நீராவியிலிருந்து டீசலுக்கு மாறியது. இந்த மாற்றம் பல ஆண்டுகளுக்கு நீண்டதால் ஆட்களை மாற்றிப் பழக்க அவகாசம் கிடைத்தது. பெரிய நிறுவனத்துக்கு அது இயலும். இரண்டு, மூன்று லாரி வைத்திருப்பவருக்கு? அங்கேதான் சிக்கல். அவரால் தனியாகப் பயிற்சி நிலையம் நடத்த முடியாது. சங்கங்கள், வண்டி தயாரிப்போர், அரசு ஆகிய மூவரும் சேர்ந்துதான் அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

எப்படிக் கற்பிப்பது?

முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களுக்குத் திடீரென ஏராளமான தொழிலாளர் தேவைப்பட்டனர். அவர்களை விரைவில் பழக்குவதற்குச் சார்லஸ் ஆலன் என்பவர் நான்கு படிகளை வகுத்தார். இரண்டாம் உலகப்போரின்போது அம்முறை செப்பனிடப்பட்டுத் தொழிற்சாலைகளில் பெருமளவில் கையாளப்பட்டது. கற்பவரைத் தயார் செய்தல், செய்து காட்டுதல், அவரையே செய்யவைத்தல், பின்னர் தொடர்ந்து கவனித்தல் ஆகியவையே அந்நான்கு படிகள்.

தொப்பூர் இறக்கத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். முதற்படி: நியூட்ரலில் டீசல் மிச்சமாகாது என்பதை ஓட்டுநரே கண்டுகொள்ளச் செய்தல். டீசல் செலவை அப்போதைக்கப்போது காட்டும் திரை வண்டியிலேயே இருந்தால் சொற்பொழிவு தேவையில்லை, எண்ணே பேசிவிடும். இரண்டாம் படி: பயிற்றுநர் தாழ்ந்த கியரில் இறங்கிக் காட்டி, கீழே வந்ததும் டிரம் எவ்வளவு சூடாகியுள்ளது என்பதை வெப்பமானியால் அளந்து காட்டுதல். மூன்றாம் படி: ஓட்டுநர் தாமே இறங்குதல். நான்காவது படிதான் பெரும்பாலும் கைவிடப்படுகிறது. ஒருநாள் வகுப்பு நடத்தி, புகைப்படம் எடுத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டால் பழைய பழக்கம் ஒரு வாரத்தில் திரும்பிவிடும். மாதம் கழித்து அவரோடு ஒருமுறை பயணம் செய்து பார்த்தால்தான் பயிற்சி நிலைத்ததா என்று தெரியும்.

இன்னொன்றும் உண்டு, இது முதலாளிகள் கவனிக்க வேண்டியது. ‘லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் காட்டு, மிச்சத்துக்குப் பணம் தருகிறேன்’ என்று ஒரு கையால் ஊக்கத்தொகை நீட்டிவிட்டு, ‘நியூட்ரலில் ஓட்டாதே’ என்று மறு கையால் பலகை மாட்டினால் எந்தக் கை வெல்லும்? குறித்த நேரத்தில் சரக்கைச் சேர்க்காவிட்டால் பேட்டாவில் பிடித்தம் என்றால், 30 கிலோமீட்டர் வேகத்தில் யார் இறங்குவார்? பயிற்சி ஒன்றைச் சொல்ல, கூலிமுறை வேறொன்றைச் சொன்னால் தொழிலாளி கூலிமுறையையே கேட்பார். அது அவர் குற்றமன்று. ஆகவே, வேலைமுறை மாறும்போது பயிற்சியோடு ஊதியமுறையும் மாற வேண்டும். டீசல் கணக்குடன், பிரேக் லைனிங் எத்தனை நாள் உழைத்தது என்பதற்கும் ஊக்கத்தொகை கொடுத்துப் பார்க்கலாம். இறக்கத்தில் எஞ்சினைப் பயன்படுத்துபவருக்கு லைனிங் நீண்டநாள் வரும்.

மேலும், மாற்றத்தை அறிவிக்கும் முன் அனுபவசாலிகளைக் கலந்துகொள்வது நலம். மற்ற ஓட்டுநர்கள் யார் சொல்லைக் கேட்பார்கள் என்று பார்த்து, அவரையே முதலில் பழக்கிப் பயிற்றுநராக்கினால் பாதி வேலை முடிந்தது. இருபது ஆண்டு ஓட்டியவரிடம் கணிப்பொறி படித்த இளைஞர் வந்து ‘உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை’ என்று சொன்னால் கதவு அடைபட்டுவிடும். ‘வண்டி மாறிவிட்டது அண்ணே, வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்’ என்றால் திறக்கும்.

வாய்ப்புகள் எங்கே?

வழியில்லாமல் இல்லை. ஓட்டுநர் பயிற்சிக்கென்று நாமக்கல்லில் அசோக் லேலண்டு நிறுவனத்தின் பயிற்சி நிலையமும், கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக வாகனப் பயிற்சிப் பள்ளியும் ஏற்பட்டன. தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக், டீசல் மெக்கானிக் பிரிவுகள் நெடுங்காலமாக உள்ளன. தமிழ்நாட்டின் 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து, 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில், புதிய தொழில்நுட்ப மையங்களாக மாற்றும் பணி 2023-இல் தொடங்கிவைக்கப்பட்டது. தானியங்கிக் கருவிகள், மின்வாகனங்கள் போன்றவற்றில் மாணவர்களைப் பழக்குவது அவற்றின் நோக்கம்.

இவை யாவும் பெரும்பாலும் புதிதாக வருவோரை எண்ணி அமைந்தவை. வேலையில் இருந்துகொண்டே, கூலியை இழக்காமல், நாற்பது வயதில் மீண்டும் கற்க வருகிறவருக்கு வழி எங்கே? அவருக்கு இரண்டாண்டுப் படிப்பு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில், தம் ஊர்ப் பட்டறையருகே, தம் மொழியில் நடக்கும் சில நாள் வகுப்புகள் போதும். தொப்பூர் வழியாக வரும் ஓட்டுநர்களுள் தமிழ் அறியாதவர் பலர். அவர்களுக்கு இந்தியிலும் பிறமொழிகளிலும், படங்களாலும் சொல்ல வேண்டும். எழுத்தை நம்பாமல் கண்ணை நம்பும் பாடமே இங்கே பயன்தரும்.

மின்சார லாரிகள் வரத் தொடங்கியுள்ளன. அவற்றில் இறக்கத்தில் கிடைக்கும் ஆற்றலை வெப்பமாக வீணாக்காமல் மின்கலத்தில் திரும்பச் சேமிக்கலாம். நாம் கணக்கிட்ட 2 கோடியே 74 லட்சம் ஜூலில் ஒரு பகுதி அடுத்த மேட்டில் ஏற உதவும்! அழகான அறிவியல்தான். ஆனால் மேட்டின் உச்சியிலேயே மின்கலம் முழுவதும் நிரம்பியிருந்தால் அந்த ஆற்றலை அது ஏற்றுக்கொள்ளாது, தடையும் குறைந்துவிடும். அதை அறிந்த ஓட்டுநர் வேண்டும். உயர்மின்னழுத்தக் கம்பியைத் தொடும் முன் இணைப்பைத் துண்டிக்கத் தெரிந்த மெக்கானிக் வேண்டும். கருவி எவ்வளவு முன்னேறினாலும், அதன் எல்லையை அறிந்த மனிதர் தேவைப்படுவது நிற்பதில்லை.

அடுத்த முறை நீங்கள் தொப்பூர் வழியே வரும்போது சன்னல் பக்கம் அமர்ந்து பாருங்கள். ஒரு லாரி எஞ்சின் உறுமலுடன் ஆமைபோல் இறங்கிக்கொண்டிருக்கும். பின்னால் வரும் வண்டிகள் பொறுமையிழந்து ஒலி எழுப்பும். அந்த உறுமல் எரிச்சலூட்டலாம். ஆனால் அந்த ஓட்டுநருக்கு யாரோ ஒருவர் சரியாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார் என்பதற்கு அதுவே சான்று. அவர் வீடு போய்ச் சேர்வார். அவருக்கு முன்னால் போகும் நீங்களும்.